படுத்தால் விழிக்கும் பொம்மை

மதிய நேரம். கூரை ஓட்டில் ஒரு சிறு துளை. அதன் வழியாக விழுந்த வெயில், சிமெண்ட் தரையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வட்டமாகக் கிடந்தது. கோரைப் பாயில் ஒரு பக்கம் நான், மறுபக்கம் தம்பி. நடுவில் அது.

அதன் இடுப்பை இரண்டு கைகளாலும் பிடித்து மெல்லப் பின்னால் சாய்த்தேன். தலை பாயைத் தொடுவதற்குச் சற்று முன்னால் உள்ளே எதுவோ நகர்ந்தது. ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

மூடியிருந்த இரண்டு கண்களும் திறந்தன.

நீலக் கண்கள். எங்கள் ஊரில் அதுவரை யாருக்கும் நீலக் கண்கள் இருந்ததில்லை. அவை என்னைப் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை. ஓட்டைத் தாண்டி மேலே எதையோ பார்த்தன. தம்பி எழுந்து போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். எனக்கும் ஓட வேண்டும் போலிருந்தது. ஓடவில்லை. மறுபடி நிமிர்த்தினேன். டிக். தூங்கிவிட்டது. மறுபடி சாய்த்தேன். டிக்.

நேர்மாறு

சென்ற வாரம் இந்தப் பத்தியில், கம்பெனிப் பேருந்தில் ஜன்னலோர இருக்கைக்கு நடக்கும் சண்டைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர், “எல்லாவற்றையும் அளந்து எழுதுகிறீர்களே, நீங்கள் எதற்காவது பயந்தது உண்டா?” என்று கேட்டிருந்தார். உண்டு. இந்தப் பொம்மைக்கு.

கண் மூடித் திறக்கும் பொம்மையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நிமிர்த்தினால் விழிக்கும், படுக்க வைத்தால் தூங்கும். குழந்தைகள் தாலாட்டி விளையாடுவதற்கு வசதியான ஏற்பாடு. எங்களிடம் இருந்தது நேர்மாறு. நிற்க வைத்தால் தூங்கியது. படுக்க வைத்தால் விழித்துக்கொண்டது.

என் அப்போதைய முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம். பொன்னிற நைலான் முடி. பக்கத்தில் போனால் புது மழைக்கோட்டின் வாசனை. இடது கன்னத்தில், அச்சின் ஓரம் விட்டுப்போன மெல்லிய கோடு ஒன்று தழும்பு போல இருக்கும். சிரிக்கும் வாய், அதற்குள் இரண்டே இரண்டு பற்கள். அந்தச் சிரிப்பையும் திறந்த கண்களையும் ஒன்றாகப் பார்க்க முடியாமல், ஒன்றைக் கையால் மறைத்துக்கொள்வேன்.

முழியம்மா என்று அதற்குப் பெயர் வைத்தவள் நான்தான்.

ஒன்பது வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். முதல் நோட்டில் பதினொரு பக்கங்களில் முழியம்மா வருகிறாள். ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: ‘இன்று மதியம் முழியம்மா இரண்டு முறை விழித்தாள். அதில் ஒரு முறை யாரும் தொடவில்லை. தம்பி அழுதான். மழை இல்லை.’ யாரும் தொடாமல் எப்படி விழித்தாள் என்று எழுதி வைக்கவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் பொம்மை வீட்டுக்கு வந்தது அதற்கு மூன்று வருடங்கள் முன்பு, எனக்கு ஆறு வயதில். ஆகவே அது வந்த காலத்தைப் பற்றி என்னிடம் எழுத்துச் சான்று எதுவும் கிடையாது. நினைவிலிருந்து எழுதுகிறேன். இந்தக் குறை இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது என்பதால் முன்பே சொல்லி வைக்கிறேன்.

சிவப்புப் பொட்டு

அப்பா கிண்டியில் ஒரு பொம்மைக் கம்பெனியில் வேலை பார்த்தார். விடிவதற்குள் கிளம்பி, தாம்பரம் வரை பேருந்து, அங்கிருந்து ரயில். கண் பொருத்தும் பிரிவில் இருந்தார். நாள் முழுவதும் காலித் தலைகளுக்குள் கண்களை மாட்டுவது அவருடைய வேலை.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. சோதனையில் தேறினால் ‘பாஸ்’ என்று அனுப்பிவிடுவார்கள்; தேறாத பொம்மையின் உள்ளங்காலில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பார்கள். பண்டிகைக்கு முன்னால், ஆளுக்கு ஒன்றிரண்டு ரிஜெக்ட் பொம்மைகளை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். வாசலில் காவலாளி காலைத் திருப்பிப் பார்ப்பார். சிவப்பு இருந்தால் வெளியே விடுவார்.

இதனால் எங்கள் வீட்டுப் பொம்மைகள் எல்லாம் ஏதோ ஒன்று குறைந்து வந்தவை. ஒரு காது இல்லாத நாய். ஒரு பக்கம் மட்டும் சக்கரம் உள்ள ரயில் எஞ்சின். கட்டைவிரல் இல்லாத ஒரு பாப்பா. அது படுத்தால் ஒழுங்காகக் கண்ணை மூடிவிடும். முழுப் பொம்மை என்று ஒன்று கடைகளில் விற்கும் என்பதே எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

முழியம்மாவுக்கு எதுவும் குறையவில்லை. பத்து விரல், இரண்டு காது, முழு முடி. உள்ளங்காலில் மட்டும் சிவப்புப் பொட்டு.

அவள் வந்த அன்றே வீட்டில் கூச்சல். தம்பி அலறியதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அம்மா பொம்மையைக் கையில் வாங்கிச் சாய்த்துப் பார்த்து, கீழே போட்டுவிட்டார்.

“எந்தப் பாவி பண்ணதோ இத்த! கொயந்தைங்க இருக்கற வூட்டுக்கு எட்த்துகினு வர பொம்மையா இது?”

“ஆமா, எந்தப் பாவியோ” என்றார் அப்பா, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி.

தூக்கிப் போடவில்லை. அதற்குக் காரணம் நானும் தம்பியும்தான். அம்மா ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆயா. கோடை விடுமுறையில், சாப்பாடு போட்டுவிட்டு, “தூங்குங்க, வெய்யில்ல சுத்தாதீங்க” என்று கதவைச் சாத்திக்கொண்டு போவார். நான்கு மணி வரை வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். முழியம்மாவுக்காக நான் விதிகள் வைத்திருந்தேன். தனியாக அவளைப் படுக்க வைக்கக் கூடாது. விழித்திருக்கும்போது அவள் முகத்துக்கு நேராகக் குனியக் கூடாது. அவள் எதைப் பார்க்கிறாள் என்று மேலே பார்க்கவே கூடாது.

இவ்வளவு பயந்தும், அவளை நடுவில் படுக்க வைக்காமல் எங்களுக்குத் தூக்கம் வராது. இதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. டிக் என்று கண் திறக்கும். தம்பி என் பக்கம் பார்ப்பான். நான் அவன் பக்கம் பார்ப்பேன். இருவரும் கண்ணை இறுக்க மூடிக்கொள்வோம். பிறகு அம்மா வந்து எழுப்பும் வரை அடித்துப் போட்டது போலத் தூங்குவோம்.

குடிலில் முழியம்மா

அவளைப் பற்றி ஊர் முழுவதும் பேசிய ஒரு நாளும் உண்டு.

எங்கள் ஊர் வடக்குப்பட்டுக்கு அந்தப் பக்கம். கோயில் சிறியது, பங்குக் குரு மாதம் இரண்டு முறைதான் வருவார். ஒரு கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டும்போது பாலன் இயேசு சுரூபத்தைக் காணவில்லை. மாதா இருக்கிறார், சூசையப்பர் இருக்கிறார், மாடுகூட இருக்கிறது, பாலன் இல்லை. எலி இழுத்துப்போன வைக்கோலோடு அதுவும் போயிருக்கலாம். குரு வராத நாட்களில் ஜெபம் நடத்தும் உபதேசியார் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“அந்தோணி, உங்க வூட்ல ஒரு பொம்ம கீதாமே. ஒரு நாளைக்குக் குடு.”

அப்பா தயங்கியது எனக்கு நினைவிருக்கிறது. “அது வாணாம் உபதேசியாரே. அது ஒரு மாதிரி.”

“இன்னா ஒரு மாதிரி? துணி சுத்தினா எல்லாம் ஒண்ணுதான்.”

முடியை மறைத்துத் தலை வரை வெள்ளைத் துணி சுற்றி, வைக்கோல் மேல் கிடத்தினார்கள். டிக். காலைப் பூசைக்கு வந்தவர்கள் குடிலுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார்கள். பாலன் தூங்கவில்லை. நீலக் கண்களைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை. கைக்குழந்தைகள்கூட அழாமல் பார்த்தன.

பூசை முடிந்ததும் பாலனுக்கு முத்தம் கொடுக்கும் வழக்கம். எல்லாரும் வரிசையில் வர, உபதேசியார் பொம்மையை எடுத்து நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்தார். டிக். கண்கள் மூடிக்கொண்டன.

முதலில் நின்ற கிழவர் அப்படியே முழங்காலில் விழுந்தார். வரிசை நெடுக ஒரு மூச்சு இழுக்கும் சத்தம் போனது. முத்தம் கொடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிற பாலனை யார் பார்த்திருக்கிறார்கள்? உபதேசியாரும் நடுங்கித்தான் போனார். ஆனால் சமாளித்துக்கொண்டார்.

“எல்லா ஊர்லயும் பாலன் தூங்கிகினு கீறாரு. நம்ம ஊர்லதான் நமக்கோசரம் முழிச்சிகினு கீறாரு” என்றார்.

பின்வரிசையில் அப்பா தலையைக் குனிந்து நின்றார். தோள்கள் லேசாகக் குலுங்கின. ஜெபிக்கிறார் என்று நினைத்தேன்.

பன்னிரண்டு துண்டுகள்

இனி சில மாதங்களுக்கு முன்பு நடந்தது.

ஒரகடத்தில், கார்களுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் தர ஆய்வாளர் என்பதைத் தொடர்ந்து படிப்பவர்கள் அறிவார்கள். அளவு அறையில் எப்போதும் இருபது டிகிரி. வெளியே அனல் அடிக்கும்போது நான் சால்வை போர்த்தி உட்கார்ந்திருப்பேன். தேறாத துண்டின் மேல் சிவப்புப் பெயிண்டால் பொட்டு வைப்பது என் வேலைகளில் ஒன்று.

ஒரு வியாழக்கிழமை பன்னிரண்டு துண்டுகள் திரும்பி வந்தன. எங்களிடம் வாங்கும் கார் கம்பெனி அனுப்பியிருந்தது. உள்ளே இருக்கும் புஷ் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தது. புஷ் என்பது சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு பித்தளை வளையம். இரண்டு விளிம்புகளில் ஒன்றை மட்டும் சற்றே சரிவாகச் சீவியிருப்பார்கள். சீவிய விளிம்பு உள்ளே போக வேண்டும். பன்னிரண்டிலும் வெளியே இருந்தது. பன்னிரண்டும் ஒரே இடத்தில் பொருத்தப்பட்டவை. அந்த இடத்தில் நிற்பவள் பேச்சியம்மாள்.

சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பயிற்சி ஒப்பந்தத்தில் இருப்பவள்; ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. உற்பத்தி மேலாளர் சந்தானம் காகிதத்தோடு என் அறைக்கு வந்தார்.

“மேடம், காரணம்ன்ற கட்டத்துல ஆபரேட்டர் கவனக்குறைவுன்னு போட்டுக் கையெழுத்து போட்டுடுங்க. மண்டே அனுப்பணும். அந்தப் பொண்ணை ரினியூ பண்ண வாணாம்னு எச்.ஆர்.கிட்ட சொல்லிட்டேன். மேட்டர் ஓவர்.”

“திங்கட்கிழமை வரைக்கும் நேரம் இருக்குல்ல சார்?”

“இதுல பாக்கறதுக்கு இன்னா மேடம் கீது? பன்னெண்டு பீஸ், ஒரே கை.”

மதியம் கேன்டீனில் பேச்சியம்மாள் தட்டோடு என் எதிரில் வந்து நின்றாள். உட்காரச் சொன்ன பிறகும் நின்றாள்.

“மேடம், அது எப்படித் திரும்புச்சுன்னு எனக்கே தெரியல. நா போடுறப்ப சரியாத்தான் இருந்துச்சு. பாத்துப் பாத்துத்தான் போடுதேன்.”

“ஓவர்டைம் பார்த்தியா அந்த வாரம்?”

“மூணு நாளு. ஆனா தூங்கல மேடம், சத்தியமா.” தட்டைப் பார்த்தபடி சொன்னாள்: “ஊருக்குப் போனா மறுபடி விட மாட்டாவ. ‘அதான் போயிட்டு வந்துட்டேல்லா, இனி என்ன’ன்னு மாப்பிள்ளை பாத்துருவாவ. எனக்கு இன்னும் ரெண்டு பேப்பர் இருக்கு, டிப்ளமா முடிக்க.”

எதிர் நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டேன். உறுதியாகத் தெரியாத எதையும் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அன்று மாலை வீட்டில், அன்றன்றைய அறிக்கைகளையும் குறித்து வைத்திருக்கும் என் பழைய நாட்குறிப்புகளை எடுத்து, காரணம் என்ற கட்டத்தில் ‘கவனக்குறைவு’ என்று எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று எண்ணினேன். அந்த எண்ணை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

எண்ணி முடித்து நிமிர்ந்தபோது, பீரோ மேல் முழியம்மா இருக்கும் அட்டைப் பெட்டி கண்ணில் பட்டது. தலைகீழாகப் பொருத்தப்பட்ட ஒன்று எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அதன் காரணத்தை நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

தலைக்குள்

ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய் வந்து சாப்பிட்ட பிறகு, மேசையில் வெள்ளைத் துணி விரித்து முழியம்மாவை எடுத்து வைத்தேன். அப்பா ஈஸி சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. அம்மா போன பிறகு என்னோடு இருக்கிறார்.

ஓசூரில் இருக்கும் தம்பி டேவிட் அந்த நேரம் பார்த்து வீடியோ காலில் வந்தான். “அய்யோ, அத்த இன்னும் தூக்கிப் போடலியாக்கா? கேமராவத் திருப்பு, திருப்பு!” என்று கத்தினான். நாற்பத்தைந்து வயது ஆள். திருப்பினேன்.

கழுத்தைச் சுற்றி வெந்நீரில் நனைத்த துணியைக் கட்டி வைத்தால் பழைய ரப்பர் இளகும். கால் மணி நேரத்தில் தலை கழன்று வந்தது.

“அத்த ஏம்மா நோண்டிகினு கீற?” என்றார் அப்பா.

“ஏன் கண்ணு மாறிச் சுத்துதுன்னு பாக்குறேம்ப்பா.”

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். இத்தனை வருடம் பயந்த தலைக்குள் இருந்தது இவ்வளவுதான்: இரண்டு கண் உருண்டைகள், அவற்றை இணைக்கும் ஒரு சதுரக் கம்பி, கம்பியின் நடுவில் ஒரு தகட்டுக் கை, அதன் நுனியில் சுண்டைக்காய் அளவு ஈயக் குண்டு. பொம்மை சாயும்போது குண்டு தொங்கும் திசை மாறும், கண் சுழலும். இவ்வளவு எளிய ஒன்று ஒரு ஊரையே முழங்காலில் நிறுத்தியதே என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயம் போகவில்லை. கூடியது என்றுதான் சொல்ல வேண்டும்.

கம்பியை வெளியே எடுத்து அளந்தேன். இரண்டு முனைகளும் ஒன்று போலவே இருந்தன. எந்த முனையும் எந்தப் பக்கமும் நுழையும். தடுக்க ஒரு பள்ளமோ முளையோ கிடையாது. யார் வேண்டுமானாலும் மாற்றிப் போட்டுவிடக் கூடிய அமைப்பு.

நாட்குறிப்பில் அன்று எழுதியது: ‘கம்பியை மட்டும் இடம் வலமாகப் புரட்டிப் போட்டால் கண் விழிப்பதும் இல்லை, மூடுவதும் இல்லை, வெறும் வெள்ளைதான் தெரிகிறது. அதோடு குண்டின் கையையும் கால் சுற்றுத் தள்ளிப் பொருத்தினால்தான் இப்போது இருப்பது போல வருகிறது. அதாவது அடுத்தடுத்து இரண்டு தவறுகள். வியப்பு.’

வியப்பு என்று எழுதிவிட்டு நோட்டை மூடிவிட்டேன். என் மனம் அப்போது புஷ்ஷில் இருந்தது. கண்களையும் குண்டையும் ஒரு டப்பாவில் போட்டு, மேலே பெயர் எழுதி ஒட்டினேன். கண் இல்லாத தலையை ஒரு கைக்குட்டையால் மூடி வைத்தேன். அதை மூடாமல் என்னால் அந்த அறையில் உட்கார முடியவில்லை.

இருபதில் மூன்று

திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் தொடங்கியதும், பேச்சியம்மாள் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். அவள் போடும் அதே கையுறை. புஷ்ஷை வைத்துப் பொருத்தும் அதே தட்டு. இருபது புஷ். சந்தானத்தையும் வரச் சொல்லியிருந்தேன்.

நான் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, சீவிய விளிம்பு இதுதான் என்று உறுதி செய்துகொண்டுதான் பொருத்தினேன். இருபதையும் அளவு அறைக்கு எடுத்துப் போய்ச் சோதித்தோம். மூன்று தலைகீழாக இருந்தன.

இருபத்து மூன்று வருடமாக இதே துண்டுகளை அளக்கிற கண் என்னுடையது.

“குடுங்க மேடம். நான் போட்றேன்” என்றார் சந்தானம். சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்.

“சார், கிளவுஸ்” என்றாள் பேச்சியம்மாள்.

“தெரியும்மா.”

அவருக்கு இருபதில் ஐந்து தலைகீழ். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

“இன்னா, எண்றியா?”

“எண்ணலை சார். பாத்தேன்.”

காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்: ‘புஷ் இரு பக்கமும் நுழையும் வடிவில் உள்ளது. விளிம்பு வித்தியாசம் கண்ணுக்கும், கையுறை போட்ட விரலுக்கும் சரியாகத் தெரிவதில்லை. ஆய்வாளர் தாமே பொருத்தியதில் இருபதில் மூன்று தலைகீழ்.’ மேலாளரின் ஐந்தை நான் எழுதவில்லை. அவர் காகிதத்தைப் படித்தார்.

“இத்த அனுப்புனா தப்பு நம்ம டிசைன் மேல வரும் மேடம்.”

“தப்பு அங்கதானே சார் இருக்கு?”

சிவப்புப் பொட்டு வைத்த எட்டுத் துண்டுகள் மேசையில் வரிசையாக இருந்தன. அவற்றில் ஐந்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நம்மளோடதையும் போட்டுடுங்க. மொத்தமா எட்டுன்னே போடுங்க” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மதியத்துக்குள், தலைகீழாக வைத்தால் உட்காராதபடி தட்டில் ஒரு முளை வைத்துவிட்டார்கள். பேச்சியம்மாளின் ஒப்பந்தத்தை நீட்டச் சொல்லி எச்.ஆருக்கு அவரே போன் செய்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

பேச்சியம்மாள் எனக்கு நன்றி சொல்லவில்லை. மாலை பேருந்தில் ஏறியபோது ஜன்னலோர இருக்கையில் தன் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். “இங்க வாங்கக்கா” என்றாள். மேடம் எங்கோ போய்விட்டது.

யார் செய்தது

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஈஸி சேரில் சாய்ந்து கேட்டார். இருபதில் மூன்று என்றபோது சிரித்தார்.

“உங்க கம்பெனியிலயும் இந்தக் கண்ணுக்காக யாரையாவது நிறுத்தியிருப்பாங்கப்பா. அந்தக் கம்பியும் ரெண்டு பக்கமும் போவுது. போட்டவன் மேல ஒரு தப்பும் இல்ல. பாவம், யாரோ.”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்து மாட்டினார்.

“நான்தாம்மா போட்டேன்.”

“அப்ப உன் மேலயும் தப்பு இல்லப்பா.”

“தப்பா?” எழுந்து உட்கார்ந்தார். “ஒருதபா மாத்திப் போட்டா தப்பு. கம்பியப் பொரட்டி, அப்பறம் கையக் கால் சுத்து தள்ளி, நாலஞ்சு தபா ஆட்டிப் பாத்து ஒருத்தன் பண்ணான்னா அதுக்குப் பேரு தப்பாம்மா? நீ இன்னா இன்ஸ்பெக்டரு?”

நோட்டில் ‘வியப்பு’ என்று எழுதி மூடியது நினைவுக்கு வந்தது.

“ஏம்ப்பா அப்பிடிப் பண்ண?”

“நீதான் கேட்ட.”

“நானா?”

“உங்கம்மா உங்கள உள்ள வுட்டுட்டு டியூட்டிக்குப் போயிருவா. நான் கிண்டில கெடப்பேன். ஒரு நாளு, வேலைக்குக் கெளம்பறேன், நீ எழுந்து வந்து கேட்ட. ‘அப்பா, மத்தியானம் தம்பி தூங்கிடுறான். பாப்பா பொம்மையும் படுத்தா தூங்கிடுது. நானும் தூங்கிட்டா, அப்பறம் யார்ப்பா முழிச்சிகினு இருப்பாங்க?’ன்னு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டேன். ரயில்ல போவறப்பல்லாம் அதேதான் ஓடிகினு இருந்தது.”

அவர் கைகளைப் பார்த்தபடி தொடர்ந்தார். “சாப்பாட்டு டைம்ல உக்காந்து பண்ணேன். மூணு கண்ணு பாழாப் போச்சு. நல்ல பொம்ம, அதுல ஒரு கொறையும் இல்ல. நானே காலுல செவப்பு வச்சேன். இல்லாங்காட்டி கேட்ல வுட மாட்டானே.”

“ஏம்ப்பா இத்தன வருசம் சொல்லல?”

“எங்க சொல்றது? ஆசையா எட்த்துகினு வந்தேன். ரெண்டு பேரும் ஊரக் கூட்டிட்டீங்க. உங்கம்மா எந்தப் பாவின்றா. நான்தான் அந்தப் பாவின்னு சொல்லச் சொல்றியா?”

கோயில் பின்வரிசையில் குலுங்கிய அவருடைய தோள்கள் என் கண் முன்னால் வந்தன. அன்று அவர் ஜெபிக்கவில்லை.

அந்தக் கேள்வியை நான் கேட்டது எனக்கு நினைவில்லை. என் எந்த நோட்டிலும் அது இல்லை. மூன்று வருடம் முன்னதாக எழுதத் தொடங்கியிருந்தால் இருந்திருக்கும். கேட்டவளே மறந்துவிட்ட கேள்விக்குப் பதில், கோடை தவறாமல், டிக் என்ற சத்தத்தோடு எங்கள் நடுவில் கண் திறந்து படுத்திருக்கிறது. தம்பியும் நானும் அதற்குப் பயந்து, கண்ணை மூடி, நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம்.

டப்பாவை எடுத்து வந்தேன். கைக்குட்டையை நீக்கினேன். அப்பாவின் விரல்களுக்கு இப்போது சிறிய கம்பி பிடிபடுவதில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன்.

“பொரட்டு. ம். இப்ப கையத் தள்ளு. அவ்ளோ இல்ல. கால் சுத்து. ஆங்.”

தலையைக் கழுத்தில் அழுத்திப் பொருத்தி அவரிடம் கொடுத்தேன். முதலில் நிமிர்த்திப் பிடித்தார். இமைகள் மூடியிருந்தன. பிறகு கட்டிலில் தலையணை ஓரமாக, மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்தார்.

டிக்.

நீலக் கண்கள் இரண்டும் மேலே பார்த்தன. அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து, நான் ஒரு காலத்திலும் துணியாதபடி, அந்த முகத்துக்கு நேராகப் பார்த்தார். பொம்மையின் காலைத் தூக்கி, மங்கிப்போன சிவப்புப் பொட்டைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

“பாஸ்” என்றார்.